பிலோமினா டீச்சரின் கை நிற்காத திரை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது பள்ளி வார்டன் அம்மாவின் போன் வந்தது. "பிலோமினா டீச்சர் போயிட்டாங்க சார். வளவனூர்ல அவங்க வீட்லதான் வச்சிருக்காங்க." எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் பதிவு செய்து வைத்த பாடங்களில் ஒன்று கெட்டுப்போனால்கூட இனி மறுபடி எடுத்துத் தர ஆள் இல்லை.

டீச்சரை அறிந்தவர்களுக்கு அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கான எங்கள் பள்ளியில் அறிவியலை முழுக்கச் சைகையிலேயே நடத்தியவர். நான் அங்கே கணினி ஆசிரியன். உள்ளங்கை அளவு லினக்ஸ் கணினிகள் சில பள்ளிக்கு வந்தபோது, டீச்சரின் பாடங்களை வீடியோவாக எடுத்து அவற்றில் போட்டேன். படம் திக்கித் திக்கித்தான் ஓடியது. அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

ஒருநாள் ஆய்வகத்தில் வெண்ணிலா என்ற பத்தாம் வகுப்புப் பெண், அமிலம் இருந்த பீக்கரில் தண்ணீரை ஊற்றப் போனாள். டீச்சர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஊற்றியிருந்தால் அமிலம் முகத்தில் தெறித்திருக்கும். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, வீடியோவில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று சைகை காட்டினாள். போட்டுப் பார்த்தோம். அமிலத்தில் தண்ணீரை ஊற்றுவது என்ற சைகை வரை சரியாக இருந்தது. அடுத்து, "கூடாது" என்று டீச்சர் கையை வீசும் இடத்தில் படம் நின்று, தாவி, வேறு வரிக்குப் போய்விட்டது. டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்குப் படம் தடுக்குது, அவ்ளோதான் சார். பிள்ளைங்களுக்கு நான் பொய் சொன்ன மாதிரி," என்றார்.

வீடியோவுக்கென்றே அந்தக் கணினியில் தனியாக கிராபிக்ஸ் சிப் இருக்கிறது. அது சும்மா கிடக்க, மொத்தச் சுமையையும் பிரதான சிப்பே இழுத்துக்கொண்டிருந்தது. சரியான டிரைவர் மென்பொருளைப் போட்டுக் கிராபிக்ஸ் சிப்பை எழுப்ப வேண்டும். சொல்வதற்குச் சுலபம். மாற்றியதில் சிறு பிசகு இருந்தாலும், திரும்ப இயக்கும்போது திரை கறுப்பாகவே நிற்கும். கணினியின் மொத்த மென்பொருளும் இருக்கும் மெமரி கார்டை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டளையையும் நான் மூன்று முறை சரிபார்ப்பதை டீச்சர் பார்த்துவிட்டார். "பயந்துக்கினே பண்ணுங்க சார். பயம் இல்லாத ஆளுகிட்ட என் பிள்ளைங்கள விடமாட்டேன்." அது கேலியா பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சிப் வேலை செய்யத் தொடங்கிய அன்று படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. வெண்ணிலாவைத் திரைமுன் உட்காரவைத்து, பார்த்ததை அப்படியே திருப்பிச் செய்து காட்டச் சொன்னார். அவள் கையில் "கூடாது" வந்த பிறகுதான் டீ குடிக்க எழுந்தார். அதன்பின் எந்தக் கணினியில் நான் எதை மாற்றினாலும், ஒரு பிள்ளை திருப்பிக் காட்டாமல் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

பிறகு டீச்சர் நோயில் விழுந்தார். அது முற்றியதும், மீதிப் பாடங்களை ஜல்தியாக எடுத்துவிடச் சொன்னார். தோளைத் தூக்க முடியாமல் நடுநடுவே உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் கேமராவை நான் நிறுத்திய பிறகு சொன்னார்: "சாவுறதுக்குப் பயம் இல்ல சார். நான் போனப்புறம் என் கை எங்கனா நின்னுட்டா, பிள்ளைங்க கையை யாரு வந்து புடிப்பாங்க? அத நெனச்சாதான் பேஜாரா இருக்குது." எனக்கும் அதே பயம்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் எல்லாக் கணினிகளையும் இயக்கி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பிள்ளையை உட்காரவைத்தேன். டீச்சர் திரையில் பாடம் நடத்தினார். பிள்ளைகள் திருப்பிக் காட்டினார்கள், சிலர் அழுதுகொண்டே. ஒரு சைகைகூடக் குறையவில்லை. ஆனாலும் என் பயம் போகவில்லை. போகவும் கூடாது. பாடங்களைப் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற டீச்சர், இதை எனக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.