சூட்டியின் தண்ணீர்க் கோப்பை

செல்வி, இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்கும் வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அப்பாவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார்.

நனைந்த நாயின் வாசனையும் ரப்பர் சீட் உலர்த்தும் புகையும் கலந்து வந்தால் எனக்கு எப்போதும் ஒரே நாள்தான் ஞாபகத்துக்கு வரும். இப்போதும் அதே வாசனைதான். குசினியில், அடுப்புப் பக்கம், என் காலடியில் சூட்டி படுத்திருக்கிறான்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். நீ அப்போது எங்கள் பள்ளிக்கு வரவில்லை. சூட்டி அப்போது குட்டி நாய். மழை விட்ட ஒரு காலை, தும்மிக்கொண்டே வந்தான். ஒரு மூக்கில் மட்டும் ரத்தம். முன்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

புழு என்று நினைத்து, அப்பா சுருட்டை ஊறவைத்த தண்ணீரை அவன் மூக்கில் விட்டார். சூட்டி கத்தியதில் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை.

தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கம், நாட்டில், சிங்களக் கிராமத்தில் இருக்கும் சீலா அக்கா, கீரை விற்க வந்தவர், கூடையை இறக்கிவிட்டு அவன் மூக்குக்குள் பார்த்தார்.

"ஐயோ அண்ணே, இது கூடெல்லா! அட்டை! ஓடையில தண்ணி குடிக்க போய் உள்ளுக்கு ஏறியிருக்கி. நாய்க்கு எதுக்கு சுருட்டு? நீங்களே குடிங்க!"

லயமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

பகல் முழுக்க அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்றார் சீலா அக்கா. சாயங்காலம் திரும்பி வந்து, ஒரு கோப்பைத் தண்ணீரை அவன் மூக்குக்கு நேரே, எட்டாத தூரத்தில் வைத்தார். குனிய விடவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீரைத் தேடி, கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது... சாம்பல் தொட்ட துணியால் பிடித்து மெதுவாக இழுத்தார். என் விரல் நீளம்!

"பிடிக்க முன்ன குடிக்க விட்டா அது உள்ளுக்கு ஓடிரும் நங்கி. இனி ஓடையில விட வேணாம். வீட்டுலயே தண்ணி வை." என்னை நங்கி, தங்கை என்றுதான் கூப்பிடுவார்.

நான்கு வருஷம் அப்படியே வைத்தேன். தினமும் கழுவி, பைப் தண்ணீர். இந்த மாதம் பரீட்சை. பல நாள் கோப்பை காய்ந்தே கிடந்தது. அவன் ஓடைக்குப் போயிருக்கிறான். என் தப்புதான், செல்வி.

இன்று காலை அதே தும்மல், அதே ஒரு மூக்கு ரத்தம். எனக்குப் பயமே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமே! அவனை விறகுக் கொட்டிலில் கட்டி, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்றார். தோட்டத்துக் காவலுக்கு இருக்கும் வாச்சர் மாமாவும் கூட. தோட்டத்தின் மேல் டிவிஷனில் போன வாரம் ஒரு வெறிநாய் கடித்து, மூன்று பேர் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குப் போய் வருகிறார்கள். லயத்தில் எல்லாருக்கும் அதே பேச்சுத்தான்.

"ஏ புள்ள, இது தண்ணி குடிச்சிச்சா?"

"இல்லப்பா. காலையிலயிருந்து ஒரு சொட்டுக்கூட குடிக்கல."

பெருமையாகத்தான் சொன்னேன். அப்பா இரண்டு அடி பின்னால் போனார்.

"பாத்தீங்களா," என்றார் வாச்சர் மாமா. "தண்ணிக்குப் பயப்படுதுன்னா அதேதான். விடியட்டும், நான் வந்து முடிச்சிர்றேன்."

"நான்தான் மாமா தண்ணி வைக்கல! அட்டைக்காக!"

"நாயக் காப்பாத்த என்னா பொய் பாரு."

"அப்பா, உங்களுக்கு ஞாபகம் இல்லியா? சீலா அக்கா..."

"அது அப்ப, புள்ள. அப்ப ஊருல வெறிநாய் இல்ல. உள்ள போ."

எனக்குக் கோபம். ஆனால் பயமும் இருக்கிறது, அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். போன வருஷம் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டபோது சூட்டிக்கும் போட்டார்கள். இந்த வருஷம் அந்த நாளில் நான் பள்ளியில், அப்பா ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார். யாரும் கூட்டிப் போகவில்லை. அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால்?

ஆனால் கூப்பிட்டதும் வாலை ஆட்டினான். பாண் துண்டைத் தின்றான். யாரையும் கடிக்கவில்லை. சீலா அக்கா வீட்டுக்கு ஓடலாம் என்றால் இருட்டு, எல்லையில் வாச்சர் மாமா.

அப்பா தூங்கியதும் விறகுக் கொட்டிலில் இருந்து அவனை அவிழ்த்துக் குசினிக்குள் கொண்டுவந்து, கதவுக்குத் தாழ் போட்டேன். மூக்குக்கு நேரே கோப்பை, எட்டாத தூரத்தில். கையில் சாம்பல் துணி. அவன் கயிற்றை என் காலில் கட்டிக்கொண்டு, குப்பி லாம்பு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் தூங்கிவிடுவேன்.

அவன் கண் கோப்பையை விட்டு அசையவில்லை. நாக்கு தொங்குகிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

அன்றைக்கும் இதே கோப்பைதான். அவன் குனியக் குனிய சீலா அக்கா பின்னால் இழுக்க, சின்னப் பிள்ளைகள் கைதட்டின. அப்பா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். இன்று தொடக்கூட யாரும் இல்லை. ஒரு அட்டைக்கு அன்று லயமே கூடியது...

செல்வி, தெரிகிறது. கறுப்பு நுனி. வெளியே வந்து உள்ளே போகிறது. இன்னும் கொஞ்சம் வந்தால்

கதவு தட்டுகிறார்கள். "ஏ புள்ள, தொறடி! நாய் உள்ளயா இருக்கு?" அப்பா. வாச்சர் மாமாவின் குரலும் கேட்கிறது.

அட்டை உள்ளே ஓடினால் ஓடட்டும். கோப்பையை அவனிடம் தள்ளிவிட்டேன். குடிக்கிறான், செல்வி, சளக் சளக் என்று குடிக்கிறான். அவர்கள் பார்க்கட்டும். தண்ணீர் தீர்வதற்குள் கதவைத் திற