பதிமூன்று சீட்டில் முடிந்த தேர்தல்

என் அம்மா விஜயகுமாரி இருபத்தாறு வருடம் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தார். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். டேபிளை விட்டு எழுந்த பிறகும் அந்தக் கை நிற்காது. மாமா பையன் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால், மாப்பிள்ளையின் சட்டையில் ஓர் அம்பை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அங்கே தையல் பிரிந்திருந்தது உண்மை. ஆல்பம் முழுக்க அந்த அம்பு இருக்கிறது.

அவர் பாஸ் பண்ணி அனுப்பிய லாட், அதாவது ஒரு தவணைச் சரக்கு, ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. திருப்பூரில் ஒரு செக்கருக்கு இதைவிடப் பெரிய பேர் கிடையாது.

அம்மா பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டார். இது அதற்கு முந்தைய செப்டம்பரில் நடந்தது.

வேலம்பாளையத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஏழு மாடி, ஐம்பத்தாறு வீடு. எங்கள் வீடு ஐந்தாவது மாடியில், 503. சங்கத் தலைவர் லிங்கசாமி முதல் மாடியில் இருந்தார். சொந்தமாக எலாஸ்டிக் நாடா யூனிட் வைத்திருந்தார். மெஷினுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் ஆயுள் குறையும் என்பது அவர் கொள்கை. அதனால் காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை லிஃப்ட்டை நிறுத்தி வைத்தார். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பிசியோதெரபி முடிந்து பன்னிரண்டரைக்குத் திரும்பி வருவார். காலைச் சரிசெய்துகொண்டு வந்து, ஐந்து மாடி ஏறி மறுபடி கெடுத்துக்கொள்வார்.

அந்த வருடத் தேர்தலில் லிங்கசாமியை எதிர்த்து நின்றவர் மாரிச்செல்வம். ஆறாவது மாடி, விருதுநகர்ப் பக்கத்துக்காரர், கட்டிங் மாஸ்டர். அவருடைய வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான், நாள் முழுக்க லிஃப்ட். அம்மாவுக்கு அவர் ஜெயித்தே ஆக வேண்டும்.

ஆனால் தேர்தலை நடத்தித் தர நடுநிலையான ஆள் வேண்டும் என்றதும் இரண்டு கட்சியும் அம்மா பேரைத்தான் சொன்னது.

விதிகள் எளியவை. வீட்டுக்கு ஓர் ஓட்டு. பத்திரத்தில் யார் பேரோ அவர்தான் போட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கிடையாது. போனில் சொல்வது செல்லாது, நேரில் வர வேண்டும். இந்தக் கடைசி விதியில் அம்மா கறாராக இருந்தார். வெள்ளகோவிலில் மகள் வீட்டில் இருந்த 102 பழனாயி அம்மாளை இரண்டு பஸ் ஏற வைத்து வரவழைத்தார்.

நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். தேர்தல் நடந்த ஞாயிறு லீவில் வந்திருந்தேன். ஓட்டுப்பெட்டி ஒரு பனியன் அட்டைப்பெட்டி. சாயங்காலம் அம்மா டேப்பைக் கிழித்தார். பதிவேட்டைப் பார்த்து, "ஐம்பத்தொண்ணு விழுந்திருக்குங்க" என்றார். மேலே, நடுவே, அடியில், நாலு மூலையில் என்று கைவிட்டுப் பதிமூன்று சீட்டை எடுத்தார். ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"மாரிச்செல்வம் ஒம்பது. லிங்கசாமி நாலு. லாட் பாஸுங்க."

பெட்டியை மூடி டேப் ஒட்டிவிட்டார்.

யாருக்கும் அது புதிதாகப் படவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் யூனிட் ஓனர்கள், மீதிப் பேர் யூனிட்டில் வேலை செய்பவர்கள். சரக்கு வாங்கும் பையரின் ஆள் சோதிக்க வந்தால் எல்லாப் பெட்டியையும் பிரிப்பதில்லை. ஐம்பது வரை சரக்கு என்றால் எட்டு, ஐம்பத்தொன்றிலிருந்து தொண்ணூறு வரை என்றால் பதிமூன்று எடுப்பார். அது சரியாக இருந்தால் மொத்தமும் சரி. அங்கே இருந்த எல்லோருக்கும் இது மனப்பாடம். லிங்கசாமியே எழுந்து மாரிச்செல்வத்துக்குக் கை கொடுத்தார்.

"ஒரு ஓட்டுக் கம்மியா விழுந்திருந்தா எட்டே பீஸ்ல முடிஞ்சிருக்கும்ல" என்றார் மாரிச்செல்வம், கொஞ்சம் ஏக்கமாக.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்மா, எல்லாத்தையும் எண்ண வேண்டாமா?"

"அத்தனையும் பார்த்துட்டிருந்தா ஷிப்மென்ட் எப்பக் கண்ணு போறது?"

"எந்த ஷிப்மென்ட்?"

அம்மா அடுப்பைப் பற்றவைத்தார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் லிஃப்ட் ஓடியது. பன்னிரண்டரைக்கு அம்மா லிஃப்ட்டில் வந்து இறங்குவார். புதன்கிழமை தேவையே இல்லாமல் இரண்டு தடவை போய் வந்தார். வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு நானும் ஊரில் தங்கியிருந்தேன்.

வியாழன் காலை பழனாயி அம்மாள் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங் கண்ணு, அந்தப் பதிமூணுல என்ற சீட்டு இருந்துச்சுங்களா?"

"சீட்டுல பேரு கிடையாதுங்களே. முப்பத்தெட்டு இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்குது."

"அப்பப் பார்க்கவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"பார்க்காத சீட்டுக்கு எதுக்குச் சாமி என்னைய ரெண்டு பஸ் ஏற வெச்சீங்க? கூட்டத்துல நின்னுக்கிட்டே வந்தேன்."

அம்மா போனை வைத்தார். பிறகு என்னைக் கேட்டார். "பதிமூணு எடுத்தா எத்தனை தடவைக்கு ஒருக்காத் தப்பும் கண்ணு?"

"போட்டி நெருக்கமா இருந்தா, பன்னெண்டு தடவைக்கு ஒரு தடவை ஒம்பதுக்கு நாலோ, அதுக்கு மேலயோ தப்பாக் காட்டும்மா."

"இதைய ஞாயித்துக்கிழமையே சொல்றதுக்கென்ன?"

அன்று சாயங்காலமே எல்லோரையும் கீழே வரச் சொன்னார். "லாட்டைத் தப்பாப் பாஸ் பண்ணீட்டனுங்க. நூறு பர்சன்ட் செக்கிங் போடோணும்."

மாரிச்செல்வம் பதறினார். "யக்கா, சரக்கு கப்பல் ஏறிருச்சு. இப்பப் போயி பெட்டியைப் பிரிக்கீங்களே!"

விசித்திரம் என்னவென்றால் லிங்கசாமியும் தடுத்தார். "தோத்தவன் நானே சும்மா இருக்கறேன், உங்களுக்கு எதுக்குங்க்கா? ஒரு லாட்டுக்கூடத் திரும்பி வந்ததில்லைன்னு ஊரே சொல்லுது. அந்தப் பேரை நீங்களே கெடுத்துக்கோணுமா?"

"திரும்பித்தான் வந்துருச்சுங்களே. வெள்ளகோவில்ல இருந்து வந்துருச்சு" என்றார் அம்மா. டேப்பைக் கிழித்தார்.

ஐம்பத்தொரு சீட்டும் டியூப்லைட்டைப் பார்த்தது. முக்கால் மணி நேரம் ஆனது. லிங்கசாமி இருபத்தாறு, மாரிச்செல்வம் இருபத்தைந்து.

மாரிச்செல்வம் பதிவேட்டைப் பிடுங்கி விரலால் தடவிக்கொண்டே போனார். 503-ல் விரல் நின்றது. "யக்கா, உங்க ஓட்டு எங்க?"

"நாம் போடலீங்க."

"போடலையா! ஏன்?"

"செக்கிங்ல இருக்கறவ தைக்கக் கூடாதுங்க. தான் தச்சதைத் தானே பாஸ் பண்ணுனா வெளங்குமா?"

"போட்டிருந்தா ஈக்குவல்க்கா! குலுக்கியாவது பாத்திருக்கலாம்லா!" மாரிச்செல்வம் காலிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டி நசுங்கியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு லிஃப்ட் நின்றது. பத்தே முக்காலுக்கே லிங்கசாமி மேலே வந்து லிஃப்ட் அறைச் சாவி ஒன்றை நீட்டியிருந்தார். "நீங்க மட்டும் போட்டுக்குங்க்கா. நாங் கண்டுக்க மாட்டேன்."

"எனக்கு மட்டும்னா அது தனி ஆர்டருங்க. எல்லாரும் ஓட்டுப் போட்டது ஒரே ஆர்டருக்குத்தான்."

லிங்கசாமியால் தாங்க முடியவில்லை. மறுநாளே மாடிக்கு ஒன்றாக ஐந்து பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் படி திரும்பும் இடங்களில் போட்டார். அம்மா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். வீட்டுக்கு வந்ததும் லிங்கசாமிக்குப் போன் செய்தார். "மூணாவது மாடி ஸ்டூலுக்குக் கால் ஆடுதுங்க. மாத்திருங்க." மாற்றினார்.

"அடுத்த வருசம் செக்கிங்குக்கு வேற ஆளைப் பாருங்க. நா ஓட்டுப் போடோணும்" என்று அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பிப்ரவரியில் வந்தது மாரடைப்பு. டாக்டர் அதற்கும் படிக்கட்டுக்கும் சம்பந்தமில்லை என்றார். அவரிடம் லிங்கசாமி அதை மூன்று தடவை கேட்டார்.

இந்த செப்டம்பரில் தேர்தலை 202 நதியா நடத்தினார். மீண்டும் அதே இரண்டு பேர்தான் நின்றார்கள். வாக்காளர் பட்டியலில் 503-க்கு நேரே அம்மா பேர்தான் இருந்தது. பத்திரம் இன்னும் என் பேருக்கு மாறவில்லை. நதியா பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடிச்சிருங்க. பத்திரத்துல பேரு இருக்கறவங்கதான் நேர்ல வரணும்" என்றேன்.

அடித்தார். 503-க்கு இந்த வருடமும் ஓட்டு இல்லை.

எல்லாச் சீட்டையும் எண்ணினார்கள். மாரிச்செல்வம் முப்பத்தொன்று, லிங்கசாமி பத்தொன்பது. ஜெயித்தவர் ஜெயித்த ஜோரில் லிஃப்ட் அறைக்கு ஓடினார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது லிங்கசாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"நாங்கூட அவனுக்குத்தான் குத்துனேன் கண்ணு. வெளிய சொல்லீறாதீங்க."

"சரிங்க" என்றேன். அம்மா என்றால், அது லிங்கசாமியின் ஓட்டே இல்லை, நேரில் வராத 503-ன் ஓட்டு, செல்லாது என்று சொல்லி அவரைத் திரும்பவும் போட வைத்திருப்பார்.