பதில் சலாம்

செருப்பை வெளியே விட்டுவிட்டு, சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாஸி யூத ஜெபக்கூடத்துக்குள் வந்தார். கையில் ஒரு புட்டி ஆலிவ் எண்ணெய்.

"சலாம், கமூஸண்ணே."

எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெருசலேம் ஆலயம் இடிந்த துக்க நாள். யூதர்களுக்கு அன்று பச்சைத் தண்ணீர் கிடையாது, விளக்கு கிடையாது, ஒருவருக்கொருவர் சலாமும் கிடையாது. கமூஸ் புலம்பல் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணி பேருல ஏத்துற விளக்குக்கு எண்ணெய் கொண்டாந்தேன்" என்றார் சாஸி.

யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தார்.

துனிசியாவின் ஜெர்பா தீவில், கடைத்தெருவில் கமூஸுக்கு வெள்ளிக் கடை. எதிரே முஸ்லிமான சாஸியின் மசாலாக் கடை. மீசை அரும்பிய காலத்திலிருந்து இருவருக்கும் ஒரே பாத்திரத்துத் தேநீர்தான். பிள்ளைகள் கடல் கடந்து போனபின் கமூஸின் வீட்டில் மனைவி கஸாலாவின் குரல் மட்டும் இருந்தது. போன குளிர்காலத்தில் அதுவும் அடங்கியது. துக்கம் கேட்க முஸ்லிம், யூதர் என்று ஊரே வந்தது. சாஸி வரவில்லை. அன்றிலிருந்து கமூஸ் எதிர்க்கடைப் பக்கம் முகம் திருப்பவில்லை. ஆனால் அவன் என்றைக்கு வந்து பேசுவான் என்று காத்திருந்தார்.

இன்றைக்கு வந்திருக்கிறான்.

வாசிப்பு முடிந்ததும் சாஸி எதிரே வந்து நின்றார். "அப்ப நான் வர்றேண்ணே."

கமூஸின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கஸாலா பேரில் தொங்கிய அணைந்த விளக்கின் கீழே புட்டியை வைத்துவிட்டு சாஸி வெளியேறினார். செருப்புச் சத்தம் சந்து முனைவரை கேட்டது.

பக்கத்திலிருந்த ஸியோன் குனிந்தார். "நோன்பும் அதுவுமா வாய்ல என்னய்யா கொழுக்கட்டை?"

"இன்னிக்கு சலாம் சொல்லக் கூடாதில்ல."

"நாமளா சொல்லக் கூடாது. வழக்கம் தெரியாதவன் சொன்னா மெதுவா பதில் சொல்லலாம்னு சின்னப் புள்ளைங்களுக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதாக்கும்."

தெரியும். கமூஸ் பக்கத்தைப் புரட்டினார்.

மறுநாள் கமூஸ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கடைத்தெருவுக்குப் போனார். சாஸியின் கடை பூட்டியிருந்தது. அடுத்த கடை நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்ஃபாக்ஸ் பட்டணத்துக்குப் போயிட்டாரு, மக வீட்டுக்கு. இனி அங்கேயேதானாம். போன மாசமே போக வேண்டியது. ஒங்ககிட்ட பேசிட்டுப் போகணும்னு நாளத் தள்ளிக்கிட்டே இருந்தாரு."

"துக்கத்துக்கு வரலையே அவன்."

"ஒங்க தெரு முனைவரைக்கும் வந்தாரு. நாந்தான் கூட இருந்தேன். அழுக சத்தம் கேட்டதும் கால் நகரலை மனுசனுக்கு."

கமூஸ் கடையைத் திறந்தார். மதியத்துக்குமேல் ஒரு ஜோடி காதணி விற்றது. தேநீர் போட்டார், பாதி மிஞ்சியது. சாயங்காலம் ஜெபக்கூடத்துக்குப் போய், புட்டியிலிருந்த எண்ணெயைக் கஸாலாவின் விளக்கில் ஊற்றி ஏற்றினார்.