மழையில்லாமல் ஏறிய ஓடை

தையல்காரிக்கு இரண்டு வேலை. ஒன்று, வீட்டு முன்னறையில் தையல். இன்னொன்று, தினமும் காலை ஏழு மணிக்குக் கொல்லைப்பக்கம் இறங்கி, ஓடைப் பாலத்துத் தூணில் நீர்வளத் துறை வரைந்து வைத்த அளவுகோலைப் பார்த்து எழுதுவது. பதினோரு வருடங்களில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் கணவரை அனுப்பவில்லை. ஜன்னலுக்கு அவர் எடுத்த அளவை நம்பி அவள் தைத்த திரை பாதி ஜன்னலைத்தான் மூடியது.

ஓடை சின்னது. மேட்டு ஊற்றில் பிறந்து, கூழாங்கல் திட்டுகளில் சலசலத்து, பாலத்தைத் தாண்டியதும் நாணல் காட்டுக்குள் நுழைந்துவிடும். கோடையில் கணுக்காலுக்கு மேல் நனையாது.

அந்தக் கோடையில் ஒரு பொட்டு மழையில்லை. தண்ணீர் மட்டும் ஏறியது. இருபது சென்டிமீட்டர், நாற்பது, அறுபத்தைந்து. துறைப் பொறியாளர் போன் செய்தார்.

"மேகமே இல்லாம தண்ணி எப்படிம்மா ஏறும்?"

"அதை ஓடையைத்தான் கேக்கணும் சார்."

"உக்காந்த இடத்துலயே எழுதுறீங்களோன்னு மேலதிகாரி சந்தேகப்படுறார்."

அவளுக்குச் சுருக்கென்றது. கத்தரியை மேஜையில் வைத்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. லாரி ஓட்டி ஓய்வுபெற்ற கணவர் செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல், "பூமிக்கடியில ஊத்து ஏதாச்சும் திறந்திருக்கும்" என்றார்.

மறுநாள் அவள் அளவோடு நிற்காமல் சுற்றிலும் பார்த்தாள். கூழாங்கல் திட்டு முழுகிச் சத்தமே இல்லை. அங்கே முட்டையிடும் பொடிமீன்களைக் காணோம். கரைப்பொந்தில் தண்ணீர் புகுந்துவிட்ட மீன்கொத்தி, துணிக்கொடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அவளுக்குப் பிடிபட்டது. உடனே போன் செய்தாள்.

"இடுப்புல இறுக்கித் தச்சா மேல உப்பும் சார். கீழ யாரோ இறுக்கியிருக்காங்க."

பொறியாளர் பளபளக்கும் ஷூவோடு வந்தார். மூவரும் ஓடையோரமாகக் கீழ்நோக்கி நடந்தார்கள்.

"அந்தப் பக்கம் பாம்பு இருக்கும் சார்," என்றார் கணவர். பத்தடி போனதும், "வழுக்கும் சார்."

நாணலை விலக்கினால் ஓடைக்குக் குறுக்கே கற்சுவர், இடுக்கெல்லாம் மண்மூட்டை. சுவருக்கு இந்தப் பக்கம் தேங்கிய தண்ணீரின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் பூப்போட்ட மெத்தை.

தையல்காரி மெத்தையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த ஓரத்தையல் என்னோடது."

போட்டோ எடுக்கப் பின்வாங்கிய பொறியாளர் இடுப்பளவு சேற்றில் இறங்கினார். இருவரும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள்.

"வீட்டுல நாளெல்லாம் மெஷின் சத்தம்," என்றார் கணவர், ஷூவைத் தேடித் துழாவியபடி. "சும்மா காலை நனைச்சுக்கிட்டு உக்காரலாம்னு..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சத்தத்துல கேட்டாத்தானே?"

அன்றைய பதிவேட்டில் அவள் எழுதினாள்: நீர்மட்டம் 65. காரணம்: கணவர். பொறியாளர் ஈரக்கையோடு கையெழுத்துப் போட்டார்.

சுவரை ஒரேயடியாகப் பிரித்தால் சேறு அடித்துப்போய்க் கீழேயுள்ள கூழாங்கல்லை மூடிவிடும் என்று பொறியாளர் சொன்னதால், கணவர் நாள்தோறும் சில கற்களாக எடுத்தார். எட்டாம் நாள் அளவு இருபதுக்கு இறங்கியது. அன்று மத்தியானம் அவள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடைக்குப் போய், அவர் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள்.

"குளிர்ச்சியாத்தான் இருக்கு," என்றாள், கொஞ்சம் கோபம் மிச்சம் வைத்து.