பாதி மூடிய உப்புக் குவியல்

2005 ஐப்பசியில் ஒரு மதியம். மரக்காணத்தில் எங்கள் உப்பளப் பாத்தியில் வாரிய உப்பு குவிந்து கிடக்க, மேகம் திரண்டது. கணவர் வெளியூர் போயிருந்தார். நாலு வயது மகளுக்கோ காய்ச்சல்.

"உப்பு கெடக்கட்டும், புள்ளையப் பாருடி" என்றார் பக்கத்து வீட்டு மேரி அக்கா.

"அஞ்சே நிமிஷம்க்கா, பார்த்துக்குங்க" என்று கீற்றுப் போட்டு மூட ஓடினேன். பாதி மூடியதும் மனசு கேட்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் மழை பிடிக்கவே மறுபடி உப்புக்கே ஓடினேன். மூடாத பக்கம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"புள்ளைக்கு வலிப்பு வந்துட்டுது, ஓடியா!" அக்கா அலறினார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் பிழைத்தாள்.

மகள் வளர்ந்துவிட்ட இப்போதும், மேகம் கூடினால் முதலில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சுட்டால், பாத்திப் பக்கம் போவதேயில்லை. உப்பு கரையுமே என்ற பதைப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.