ஒரு ரிங் மட்டும்

தாராவியில் தோல் பை தைக்கிறேன். மனைவி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். காசு மிச்சம் பிடிக்க, ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவேன். அவளும் அப்படியே திருப்பி அடித்தால், நலம் என்று அர்த்தம். பல வருடப் பழக்கம்.

இண்டர்நெட்டில் பேசும் சாஃப்ட்வேர் ஒன்றை மகள் எங்கள் போன்களில் ஏற்ற வைத்தாள்.

"யார் யாரோ சேந்து எழுதி, எல்லாருக்கும் சும்மா விட்டிருக்காவப்பா. இனியாவது பேசுங்க."

"சும்மா எவன் குடுப்பான்?" என்றேன். அதிலும் ஒரு ரிங்தான் விட்டேன்.

ஒரு நாள் கட் பண்ணுமுன் மனைவி எடுத்துவிட்டாள். தொண்டை கட்டியிருந்தது.

"வச்சிராதிய. நாலு நாளா காய்ச்சல்."

நாலு நாளும் அவள் ரிங் வந்திருந்தது.

"பின்ன ஏன்டி அடிச்ச?"

"அடிக்கலன்னா பயந்துருவியளே."

இப்போது வேலை முடிந்து சோர்ந்து வந்தாலும் பேசுகிறேன். சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அவள் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.