இங் பக்கம், டூ பக்கம்

எட்டாம் வகுப்புக் கரும்பலகையின் நடுவில் எங்கள் டீச்சர் ஒரு கோடு போடுவார். இடது பக்கம் 'டூ', வலது பக்கம் 'இங்'. வான்ட், ஹோப், டிசைட், ப்ராமிஸ் எல்லாம் டூ பக்கம். என்ஜாய், ஃபினிஷ், ஸ்டாப், அவாய்ட் எல்லாம் இங் பக்கம். வான்ட் வந்தால் அடுத்து ஒரு டூ போட்டு வினைச்சொல்லை அப்படியே எழுத வேண்டும். என்ஜாய் வந்தால் வினைச்சொல்லுக்கு இங் என்று வால் ஒட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால், அது அப்படித்தான். பக்கம் மாற்றிச் சொன்னால் உள்ளங்கையில் ஸ்கேல் விழும்.

தமிழிலும் இந்தத் தொல்லை இருக்கத்தான் செய்கிறது, நமக்குத் தெரிவதில்லை. 'போக வேண்டும்' என்கிறோம், 'போவதை நிறுத்து' என்கிறோம். 'போவதை வேண்டும்' என்று பேசத் தெரிந்த எந்தக் குழந்தையும் சொல்லாது. அதற்கு யாரும் கோடு போட்டுச் சொல்லித் தரவில்லை. இங்கிலீஷ்காரன் வீட்டுக் குழந்தைக்கும் அப்படித்தான் வந்திருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்கியது நாங்கள்.

எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தாலே பயம். அப்போது எனக்கு எதில்தான் பயமில்லை? டீச்சரிடம் பயம், தலைமையாசிரியரிடம் பயம், வீட்டுக்கு வந்தால் அப்பாவிடம் பயம். ஆனால் அந்த வருஷம் இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம் ஏறி உட்கார்ந்திருந்தது. எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிடும் என்கிற பயம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஒரு பக்கம் மீனவர் குப்பம், இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டி எங்கள் காலனி. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் உண்டு. ஒன்பதாவது படிக்கப் பஸ் ஏற வேண்டும். அப்பா தோப்பில் சவுக்கு வெட்டும் கூலி வேலை பார்த்தார். அக்கா ஐந்தாவதோடு நின்று, வெட்டிய மரத்தின் சிறு கிளைகளை, அந்த மிளாறைக் கட்டுக்கட்டிச் சுமந்துகொண்டிருந்தாள். என் விஷயத்தில் அப்பா ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்.

"பொட்டப்புள்ளய பஸ்ஸுல ஏத்தி அனுப்ப என்னால ஆவாது. இங்கியே ஒம்போதாவது வந்தா அப்ப பாத்துக்கலாம்."

அவர் சொன்ன தொனியில், இங்கே ஒன்பதாவது வரப்போவதில்லை என்கிற நிம்மதி இருந்ததாக எனக்குப் பட்டது. அக்காவின் கையைப் பார்ப்பேன். விரல் முழுக்கக் கீறல், நகத்துக்குள் பிசின். அடுத்த வருஷம் என் கை இப்படி ஆகிவிடும் என்று நினைத்தால் சோறு இறங்காது.

பொங்கல் கழிந்து சில வாரத்தில் தலைமையாசிரியர் எல்லோரையும் மணலில் உட்கார வைத்துச் சொன்னார். செங்கல்பட்டிலிருந்து ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால் ஜூன் மாதம் நமக்கு ஒன்பதாவது வகுப்பு வரும். கெடுதலாக எழுதினால் இந்த ஜென்மத்தில் வராது. அது உண்மைதானா, எங்களை அடக்கி வைக்கச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது அசரீரி வாக்குப் போலத்தான் விழுந்தது.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் தினமும் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். சின்ன வயசு, வேலைக்குப் புதிது. அவருக்கும் பயம்தான் என்று இப்போது புரிகிறது, அப்போது கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவர் எடுத்துக்கொண்ட பாடம் இந்த டூ, இங் விவகாரம்தான். வாரக்கணக்கில் அதே வாக்கியங்கள். பதில் சொல்வதற்கென்று குப்பத்துப் பிள்ளைகளாகப் பார்த்து முதல் பெஞ்சில் வைத்தார். காற்றிலும் அலையிலும் கத்திப் பேசி வளர்ந்தவர்கள், தொண்டை பெரியது. ஆபீசருக்குச் சத்தம் பிடிக்குமாம். கடைசி பெஞ்சில் இருந்த காலனிப் பிள்ளைகள் எங்களுக்கு வேறு கட்டளை.

"நீங்கள்லாம் கேள்வி கேட்டா கையை மட்டும் தூக்குங்க. நான் உங்களைக் கூப்பிட மாட்டேன். யாராவது வாயைத் திறந்தீங்க, அப்புறம் இருக்கு."

இதில் எனக்கு வருத்தம் இல்லை. உள்ளூர நிம்மதிதான். ஆனாலும் காது இருக்கிறதே, அதை மூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு மிளாறு பொறுக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். ஐ என்ஜாய் ஸ்விம்மிங். ஷி ஹோப்ஸ் டு பாஸ். ஹி ஃபினிஷ்ட் ரீடிங். கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை நான், என்ஜாய் மட்டும் பண்ணிக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி ஒன்று மட்டும் எனக்குத் தோன்றியது. டூ பக்கம் இருப்பதெல்லாம் இன்னும் நடக்காத காரியம். ஆசைப்படுவது, நம்புவது, வாக்குக் கொடுப்பது. அந்தப் பக்கத்துச் சொற்களைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அந்த நாளும் வந்தது. மாவிலைத் தோரணம், சுண்ணாம்பு அடித்த கல், சுவரெல்லாம் படம். டீச்சர் நல்ல புடவை கட்டி வந்திருந்தார், அடிக்கடி தண்ணீர் குடித்தார். முதல் பெஞ்சு தலைக்கு எண்ணெய் வைத்துப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் கரையிலிருந்து சத்தம் வந்தது. யாரோ துண்டை வீசிக் கத்தினார்கள். "வலையில மீனு ஏறிக்கினு கீது. எல்லாம் ஓடியாங்கடா." கரைவலை அப்படித்தான். மீன் கூட்டம் வந்து விழுந்துவிட்டால் குப்பமே கயிறு பிடித்து இழுக்க வேண்டும். கயிற்றில் கை வைத்தவர்களுக்கு மீனில் பங்கு உண்டு, குழந்தையானாலும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு மதில் கிடையாது. முதல் பெஞ்சு மொத்தமும் எழுந்து ஓடியது. தலைமையாசிரியர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். ஒருத்தன் அவர் கைக்குக் கீழே குனிந்து போனான், மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். டீச்சர் வாசலில் நின்று பார்த்தார்.

காலனிப் பிள்ளைகள் யாரும் நகரவில்லை. அந்தக் கயிற்றில் கை வைக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கொஞ்ச நேரத்தில் தோப்புப் பாதையில் ஜீப் சத்தம் கேட்டது.

ஆபீசர் வயசானவர், மெதுவாகப் பேசுகிறவர். நாற்காலியில் உட்கார்ந்து காலியாகக் கிடந்த முதல் பெஞ்சைப் பார்த்தார், தலைமையாசிரியரைப் பார்த்தார். "பாடத்தை நடத்துங்கம்மா" என்றார். டீச்சர் கோடு போட்டார், கோடு வளைந்தது. ஐ என்ஜாய் என்று எழுதிவிட்டுத் திரும்பி, பழக்கத்தில் முதல் பெஞ்சைப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கினோம். சொன்னபடி, ஒருத்தர் விடாமல். ஆபீசரின் முகம் மலர்ந்தது. ஒரு பையனைக் கை காட்டினார். அவன் எழுந்து நின்றான், தூக்கிய கையை இறக்கவேயில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அடுத்த பையனைக் காட்டினார். அவனும் அப்படியே நின்றான். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது, ஏனென்றால் அடுத்த விரல் என்னைப் பார்த்து நீண்டது.

எழுந்தேன். டீச்சரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. வாயைத் திறந்தால் டீச்சர் தோலை உரிப்பார். திறக்காவிட்டால் ஒன்பதாவது வராது, அப்பா சொன்னது நடக்கும். இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஆபீசர் கையை இறக்கப் போனார். அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐ என்ஜாய் ஸ்விம்மிங்."

"கொஞ்சம் சத்தமா."

மறுபடி சொன்னேன். ஹோப் என்றார், டூ போட்டுச் சொன்னேன். ஃபினிஷ் என்றார், இங் போட்டுச் சொன்னேன். அவாய்ட், ப்ராமிஸ், ஸ்டாப், வரிசை மாற்றிக் கேட்டார். ஒன்றில்கூட எனக்குப் பக்கம் மாறவில்லை. கடைசியில் என்னைப் பற்றியே ஒரு கேள்வி கேட்டார். "வாட் டூ யூ வான்ட் டு டூ?"

இதற்கு டாக்டராக வேண்டும் என்று ஒரு வாக்கியம் உண்டு. அது முதல் பெஞ்சுப் பையனுடையது, அவன் மீனிழுக்கப் போய்விட்டான். அதை எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

"ஐ வான்ட் டு ஸ்டடி நைன்த்."

ஆபீசர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். அவர் கெட்டிக்காரர், விடுவாரா? "ஐயா, அதைத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டே இருக்கோம்" என்றார். ஆபீசர் சிரித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

டீச்சர் என்னை அடிக்கவில்லை. வீட்டில் நான் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பரீட்சை முடிந்தது. வெயில் காலம் முழுக்க அக்காவோடு தோப்பில் மிளாறு கட்டினேன், நகத்துக்குள் பிசின் ஏறியது. சோப்புப் போட்டாலும் போகவில்லை. ஜூன் நெருங்கும்போது தலைமையாசிரியர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார், ஒன்பதாவது வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி அப்பா என்ன சொல்வாரோ.

அம்மா சோறு போடும்போது விஷயத்தைச் சொன்னாள். அப்பா குழம்பை ஊற்றிப் பிசைந்தார், சாப்பிட்டார், எழுந்து கை கழுவினார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள், கேட்காதே என்று. கேட்கிற தைரியம் எனக்கு எங்கே இருந்தது? பள்ளிக்கூடம் திறக்கிற அன்று விடிகாலையில் நான் எழுந்தபோது அவர் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை என்பதால் நான் போனேன். திருடப் போகிறவளைப் போலத் தோப்பைச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஒன்பதாவதுக்குக் கட்டடம் இல்லை. கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள், பக்கமெல்லாம் திறந்து கிடந்தது. அதே டீச்சர்தான். பெயர்களை எழுதிக்கொண்டார். என் பெயரையும் எழுதினார். முன்பு விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று கோடு போட்டார். எனக்குக் கரும்பலகையில் கண் நிற்கவில்லை. தோப்புப் பக்கம் நிழல் அசைந்தால்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

முதல் மணி முடிவதற்குள் அப்பா வந்துவிட்டார். இடுப்பில் வெட்டுக்கத்தி. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். சிலேட்டு நிறத்தில் ஒரு புத்தகம், அம்மா தைத்துக் கொடுத்த பை, இரண்டையும் எடுத்துக்கொண்டு நானே எழுந்து அவரிடம் போனேன். கூப்பிட்டு இழுத்துப் போகிற அவமானமாவது இல்லாமல் போகட்டும் என்று நினைத்தேன்.

"எங்கமே வர்றே?" என்றார் அப்பா.

நான் நின்றேன். டீச்சர் வெளியே வந்து, "என்னங்க, என்ன விஷயம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா." அப்பாவுக்குக் குரல் தடுமாறியது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "சேத்துக்கினீங்களா இன்னான்னு தெரியல. மணி அடிச்சதுலேர்ந்து தோப்புலதான் நின்னுகினு இருந்தேன்."

"சேர்த்தாச்சே. பேர்கூட எழுதியாச்சு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை, டீச்சரிடமே சொன்னார்.

"இல்லீங்கம்மா, வேணான்னு திருப்பி அனுப்பிட்டீங்கன்னா, புள்ள அவ்வளோ தூரம் ஒண்டியா அழுதுகினு வரும். கூட்டிக்கினு போலாம்னுதான் நின்னேன்."